சென்டர் ஃபார்வர்டைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

மக்களே, இது மாத்திரை மருந்து பற்றிய இழை இல்லை. கால்பந்து பற்றியது. ஆனால் கடைசியில் ஒரு டாக்டரா நான் வாயை மூடிட்டு இருக்க முடியாத ஒரு இடத்துல போய் நிற்கும். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

ராத்திரி ஒன்றரை மணிக்கு மேட்ச் முடியும். ஒண்ணே முக்காலுக்கு டைம்லைன் முழுக்க ரெண்டே ரெண்டு வகைப் பதிவுதான் இருக்கும்.

முதல் வகை: "பத்து தடவைகூட பந்தைத் தொடலை. இவனுக்கு இத்தனை கோடி சம்பளமா? வித்துட்டு வேற ஆளைப் பாருங்கப்பா."

இரண்டாம் வகை, கொஞ்சம் வயசானவர்கள் போடுவது: "எங்க காலத்துல நம்பர் 9ன்னா ஆறடி உயரம். விங்கர் கிராஸ் போடுவான், இவன் எகிறி தலையால முட்டுவான், வலை கிழியும். இப்போ உண்மையான சென்டர் ஃபார்வர்டே கிடையாது."

ரெண்டுமே தப்பான டயக்னோசிஸ். முதலாவது ஒரு விளையாட்டுக்காரனை அநியாயமாகத் திட்டுகிறது, அதோடு போகிறது. இரண்டாவது நம்ம வீட்டுப் பிள்ளைகளின் தலைவரைக்கும் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலாவதை முதலில் பார்ப்போம்.

டெங்கு வார்டில் வேலை பார்த்த எந்த டாக்டரையும், நர்ஸையும் கேளுங்கள். காய்ச்சல் விடும் நேரத்தில் சிலருக்குத் திடீரென்று பிபி இறங்கும். நாடி வேகமா ஓடும், கை கால் சில்லென்று ஆகும். பார்த்தால் இதயம் பழுதான மாதிரி இருக்கும். பெரும்பாலும் அப்படி இல்லை. ரத்தக் குழாயிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசிந்துவிட்டது, இதயத்துக்குத் திரும்பி வர வேண்டிய ரத்தம் வரவில்லை, அவ்வளவுதான். இதயம் தனக்கு வந்து சேர்வதைத்தான் வெளியே அனுப்ப முடியும். வராததை எங்கிருந்து அனுப்பும்? அங்கே இதயத்தைத் தட்டி எழுப்ப மருந்து தேடுகிறவன் நோயாளியை இழப்பான். அளவு பார்த்து சலைன் ஏற்றுகிறவன் காப்பாற்றுவான்.

சென்டர் ஃபார்வர்ட் அந்த இதயம். அவன் வலைக்குள் அனுப்புவது, அவனிடம் வந்து சேருகிற பந்தைத்தான். எங்கிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார்கள், அவனுக்கு நிற்க இடம் இருக்கிறதா, விதி என்ன சொல்கிறது என்று எதையும் பார்க்காமல் அவனை மட்டும் திட்டுவது ஸ்டெதஸ்கோப்பை வைக்காமலே மருந்துச்சீட்டு எழுதுவது மாதிரி.

சரி, வரலாற்றுக்கு வருவோம். "உண்மையான நம்பர் 9" என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிடும் ஆள் யார்? இங்கிலாந்தில் கேட்டால் டிக்ஸி டீன் என்பார்கள். எவர்ட்டன் அணிக்காக 1927-28 சீசனில் லீக்கில் மட்டும் 60 கோல். 39 மேட்சில். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அந்த எண்ணை இன்றுவரை யாரும் தொடவில்லை.

அப்படியென்றால் டீன் தெய்வப் பிறவியா? திறமைசாலி, சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள்.

1925 வரை ஆஃப்சைடு விதி வேறு. பந்து உங்களுக்கு அனுப்பப்படும்போது உங்களுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். கோல் கீப்பர் ஒருவர் என்றால் இன்னும் இரண்டு டிஃபெண்டர். அதில் ஒருவர் மட்டும் நாலு அடி முன்னே நடந்து வந்தால் போதும், நீங்கள் ஆஃப்சைடு. அவர் கணக்கு தப்பினாலும் பின்னால் இன்னொருவர் காவலுக்கு இருப்பார். நியூகாசில் அணியின் பில் மெக்ராக்கன் இதை ஒரு தொழிலாகவே செய்தார். ஆட்டம் நடு மைதானத்திலேயே நொண்டியடித்தது.

1925இல் மூன்றை இரண்டாக்கினார்கள். விதிப் புத்தகத்தில் ஒரே ஒரு எண் மாற்றம். இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் முழுவதும் 1924-25 சீசனில் அடிக்கப்பட்ட கோல் 4,700. அடுத்த சீசனில் 6,373. அதே கால்கள், அதே பூட்ஸ், அதே சேற்று மைதானங்கள். ஒரே வருஷத்தில் ஆயிரத்து அறுநூறுக்கு மேல் கோல் கூடியது. 1926-27இல் இரண்டாவது டிவிஷனில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் காம்செல் 59 அடித்தார். அடுத்த வருஷம் டீன் 60.

இந்த இரண்டு மனிதர்களும் அடுத்தடுத்த வருஷம் பூத்தது தற்செயல் என்று நினைக்கிறீர்களா? விதி மாறியது. பின்னால் ஒரு வெட்டவெளி திறந்தது. அந்த வெட்டவெளியைப் பயன்படுத்தத் தெரிந்தவன் ராஜா ஆனான்.

இன்னொன்று. டீனின் 60ஆவது கோல் சீசனின் கடைசி மேட்சில், ஆர்சனலுக்கு எதிராக, கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டியது. அந்தக் கார்னரை அடித்தவர் அலெக் ட்ரூப். குள்ளமான ஸ்காட்லாந்து விங்கர். டீனுக்குச் சிலை இருக்கிறது. ட்ரூப்பின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இது எப்போதும் உறுத்தும். ஆபரேஷன் பண்ணின சர்ஜனுக்கு மாலை போடுவோம். மயக்க மருந்து கொடுத்தவர் பெயரைக்கூடக் கேட்க மாட்டோம்.

நோய் மாறினால் மருத்துவமும் மாறும் இல்லையா? அதே 1925 அக்டோபரில் ஆர்சனல், நியூகாசிலிடம் 7-0 என்று உதை வாங்கியது. அதன்பிறகு மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன், தன் வீரர் சார்லி பக்கன் சொன்ன யோசனைப்படி நடுக்களத்தில் இருந்த சென்டர் ஹாஃபை இழுத்துப் பின்னால் நிறுத்தினார். ஒரே வேலை: எதிரணி சென்டர் ஃபார்வர்டின் நிழலாக இரு. பிற்பாடு அந்த வேலையைப் பார்த்த ஹெர்பி ராபர்ட்ஸுக்குப் பட்டப்பெயரே "போலீஸ்காரர்". சில வருஷத்தில் எல்லா அணியிலும் ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார்.

நம்ம பெரியவர்கள் கனவில் வருகிற படம் இதுதான். ஒன்பதாம் நம்பர் ஜெர்சி ஒருவன், அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு போலீஸ்காரர், மேலே கிராஸ், ரெண்டு தலையும் ஒரே பந்துக்குப் பறக்கிறது. இந்த ரெண்டு தலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டும்.

அந்தப் படத்தை இன்றைய கோச்கள் கிழித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கிழிந்து எழுபது வருஷம் ஆச்சு சார்.

1953 நவம்பர் 25, வெம்ப்ளி மைதானம். ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த ஒரு அணியிடம் இங்கிலாந்து சொந்த மண்ணில் தோற்ற முதல் மேட்ச். ஹங்கேரியில் புஷ்காஷ் இருந்தார், போஷிக் இருந்தார். ஆனால் அன்று ஹாட்ரிக் அடித்தவர் ஒன்பதாம் நம்பர் ஜெர்சி போட்ட நாண்டோர் ஹிடெக்குட்டி. முதல் கோல் முதல் நிமிஷத்திலேயே.

விஷயம் அந்த மூன்று கோல் இல்லை. ஒன்பதாம் நம்பர் ஜெர்சி போட்டுக்கொண்டு ஒன்பதாம் நம்பர் நிற்க வேண்டிய இடத்தில் அவர் நிற்கவே இல்லை. நடுக்களத்துக்கு இறங்கி வந்து பந்தை வாங்கினார். இங்கிலாந்தின் போலீஸ்காரர் ஹாரி ஜான்ஸ்டன். அவருக்குத் தர்மசங்கடம். பின்னாலேயே போனால் நடுவில் பெரிய ஓட்டை விழும், அதில் புஷ்காஷ் நுழைவார். போகாமல் நின்றால் ஹிடெக்குட்டி யாருடைய தொல்லையும் இல்லாமல் பந்தோடு திரும்பி ஆட்டத்தை நடத்துவார். எதைச் செய்தாலும் தப்பு. ஆறு மாதம் கழித்து புடாபெஸ்ட்டில் மறுபடி மோதினார்கள். 7-1.

இங்கிலாந்திலேயே மான்செஸ்டர் சிட்டி இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. டான் ரெவி என்கிற ஃபார்வர்டை இறக்கி விளையாட வைத்தார்கள், "ரெவி பிளான்" என்றே பெயர் வந்தது. 1956இல் எஃப்ஏ கோப்பை ஜெயித்தார்கள். ஆக, சிட்டி ஸ்ட்ரைக்கர் இல்லாமல் ஆடுவதை ஆரம்பித்தது கார்டியோலா என்று நினைத்தவர்கள் கொஞ்சம் பின்னால் போய் வாருங்கள். ஹிடெக்குட்டிக்கும் முன்னால் 1930களில் ஆஸ்திரியாவின் சிண்டெலார் இருக்கிறார். ஒல்லியான உடம்பு, "காகித மனிதன்" என்று பட்டம். அவரும் சென்டர் ஃபார்வர்டுதான். யாரையும் தோளால் இடித்துத் தள்ளவில்லை.

மெஸ்ஸி கதை உங்களுக்கே தெரியும், வேகமாகத் தாண்டுகிறேன். 2009 மே 2, பெர்னபவ், ரியல் மாட்ரிட் 2, பார்சிலோனா 6. எட்டோவை வலப்பக்கம் அனுப்பிவிட்டு மெஸ்ஸியை நடுவில் விட்டார்கள். அவர் கீழே இறங்கினார். கன்னவாரோவும் மெட்செல்டரும் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஜான்ஸ்டனுக்கு வந்த அதே தலைவலி, 56 வருஷம் கழித்து.

2012 யூரோவில் ஸ்பெயின் ஃபாப்ரிகாஸை அந்த இடத்தில் வைத்து ஆரம்பித்தது. "ஸ்ட்ரைக்கர் செத்துட்டான்" என்று உலகமே எழுதியது. ஃபைனலில் இத்தாலியை 4-0. அதில் ஒரு கோல் மாற்று ஆட்டக்காரராக வந்த டோரஸ் அடித்தது. அந்தத் தொடரின் கோல்டன் பூட்டும் அவருக்கே, அதாவது செத்துப்போன ஸ்ட்ரைக்கருக்கே. (மரணச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் முன் நாடி பார்க்கணும்னு எங்களுக்கு முதல் வருஷ ஹவுஸ் சர்ஜன்ஷிப்பிலேயே சொல்லிக்கொடுப்பாங்க.)

இப்போது "பந்தைத் தொடவே இல்லை" கோஷ்டிக்கு வருகிறேன்.

1992இல் இன்னொரு விதி மாறியது. தன் அணிக்காரன் வேண்டுமென்றே காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. அதற்கு முன்னால் டிஃபெண்டருக்கு நெருக்கடி வந்தால் கீப்பரிடம் தட்டிவிட்டு மூச்சு வாங்கலாம். இப்போது அந்தப் புகலிடம் போச்சு. கீப்பரும் காலால்தான் விளையாட வேண்டும். அப்படியென்றால் அவரை நோக்கி ஓடி நெருக்கினால் லாபம். யார் ஓடுவது? பக்கத்தில் நிற்பவன். யார்? சென்டர் ஃபார்வர்ட். கோல் அடிப்பதற்காக முன்னால் நிறுத்தப்பட்டவன் அணியின் முதல் டிஃபெண்டர் ஆகிவிட்டான்.

ராபர்ட்டோ ஃபிர்மினோவை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூல் முப்பது வருஷத் தவம் முடித்து லீக் ஜெயித்த 2019-20 சீசனில் அவர் லீக்கில் அடித்தது 9 கோல். சொந்த மைதானத்தில் அந்த சீசனின் முதல் லீக் கோல் அவருக்கு வந்ததே அங்கே நடந்த கடைசி மேட்சில்தான். 9 கோல் அடித்த சென்டர் ஃபார்வர்டை வைத்து அணி எடுத்தது 99 பாயின்ட். அவர் எதிரணியை நெருக்கிப் பந்தைப் பிடுங்கினார், கீழே இறங்கி டிஃபெண்டரை இழுத்தார், அந்த ஓட்டையில் சாலாவும் மானேவும் ஓடினார்கள். அவரை எடுத்துவிட்டு "20 கோல் அடிக்கிற ஆளை"ப் போட்டிருந்தால் சாலாவுக்கு அந்த ஓட்டை கிடைத்திருக்குமா?

ஜிரூ இன்னும் பெரிய பாவம். 2018 உலகக் கோப்பையில் பிரான்ஸின் சென்டர் ஃபார்வர்ட். தொடர் முழுக்க அவர் அடித்ததில் ஒரு ஷாட்கூட கோல் வாசலுக்குள் போகவில்லை. மீம்ஸ் எத்தனை? ஆனால் கோச் தெஷாம்ப் ஃபைனல் வரை அவரைத்தான் இறக்கினார். முதுகால் டிஃபெண்டர்களைத் தாங்கி, பந்தை நிறுத்தி, எம்பாப்பேவுக்கும் கிரீஸ்மனுக்கும் ஓட வழிவிடுகிற வேலை அவருடையது. கோப்பை பிரான்ஸுக்கு. 1998இலும் இதே கதை. கிவார்ஷ் என்கிற சென்டர் ஃபார்வர்ட், கோல் பூஜ்யம், கோப்பை பிரான்ஸுக்கு. ஜிரூ சும்மா ஆளும் இல்லை. 2022 உலகக் கோப்பையில் ஹென்றியின் 51 கோல் சாதனையைத் தாண்டினார்.

ஹாலண்டுக்கு வருவோம். 2022 ஜூலை, கம்யூனிட்டி ஷீல்டு மேட்ச். சிட்டிக்கு வந்து முதல் ஆட்டம். வாசலுக்கு முன்னால் நின்று பந்தைக் கம்பத்தில் அடித்தார். அன்று ராத்திரி நம்ம தமிழ் டைம்லைன் என்ன கூத்தடித்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஜெர்மன் லீக் வேற, இது வேற தம்பி." இரண்டு வாரம் கழித்து போர்ன்மத்துடன் மேட்ச். அவர் பந்தைத் தொட்டது 8 தடவை. மறுபடி சிரிப்பு. அந்த எட்டில் ஒன்று குண்டோகன் அடித்த கோலுக்கு அசிஸ்ட். சிட்டி 4-0.

அந்த சீசன் முடியும்போது பிரீமியர் லீக்கில் 36 கோல். ஆண்டி கோலும் ஷியரரும் 42 மேட்ச் கொண்ட சீசன்களில் அடித்த 34ஐ, 38 மேட்ச் சீசனில் தாண்டினார். அதே சீசனில் டி ப்ருய்னெ லீக்கில் கொடுத்த அசிஸ்ட் 16. அலெக் ட்ரூப்பை மறக்காதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

அவர் தொடாத நேரத்தில் என்ன செய்கிறார்? ரெண்டு சென்டர் பேக்கையும் கட்டிப்போட்டு நிற்கிறார். அவர்கள் முன்னே வரப் பயப்படுகிறார்கள். அதனால் நடுக்களத்தில் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கிறது. ஹிடெக்குட்டி இறங்கி வந்து டிஃபெண்டரை இழுத்தார். இவர் இறங்காமல் நின்று டிஃபெண்டரைப் பூட்டுகிறார். ரெண்டும் ஒரே வேலையின் ரெண்டு பக்கம். தொட்ட எண்ணிக்கையை வைத்து இதை அளப்பது, நோயாளியின் உடல்நிலையை எத்தனை தடவை பெல் அடித்து நர்ஸைக் கூப்பிட்டார் என்று எண்ணிச் சொல்வது மாதிரி.

"சரி டாக்டர், அதெல்லாம் இருக்கட்டும். கிராஸ் போட்டு ஹெட்டர் அடிக்கிற அழகு போச்சே, அதுக்கென்ன சொல்றீங்க?"

எங்கே போச்சு என்று சொல்கிறேன். முன்பு வலது கால்காரன் வலப்பக்கம் ஓடினான். கோட்டோரம் போய்ச் சேர்ந்தால் அவன் கால் தானாகவே கிராஸ் போடத்தான் தோதாக இருக்கும். இப்போது இடது கால்காரனை வலப்பக்கம் வைக்கிறார்கள். ராபன், சாலா இப்படித்தான். அவன் உள்ளே வெட்டி வந்து தானே அடிக்கிறான். கிராஸ் குறைந்தது. கோட்டோரம் போனாலும் தரையோடு பின்னால் தட்டிவிடுகிறார்கள். காரணம் எளிது: ஒரே இடத்திலிருந்து தலையால் முட்டுவதைவிடக் காலால் அடித்தால் கோலாகும் வாய்ப்பு அதிகம். இது யாரும் செய்த சதி இல்லை, கணக்கு. கார்னரிலும் லாங் த்ரோவிலும் தலை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, ஆர்சனல் ரசிகர்களைக் கேளுங்கள். ஆனால் சாதாரண ஆட்டத்தில் குறைந்துவிட்டது.

இந்தக் குறைவைத்தான் சிலர் ஒப்பாரி வைக்கிறார்கள். நான் வைக்க மாட்டேன். ஏன் என்று ஒரு சென்டர் ஃபார்வர்டின் கதையோடு சொல்கிறேன்.

பெயர் ஜெஃப் ஆஸ்டில். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணி. நீங்கள் ஏங்குகிற அதே அச்சு அசல் நம்பர் 9. ஹெட்டரில் ராஜா. 1968 எஃப்ஏ கோப்பையில் ஒவ்வொரு சுற்றிலும் கோல் அடித்து, ஃபைனலின் ஒரே கோலையும் அடித்தவர். 1969-70இல் முதல் டிவிஷனில் அதிக கோல் அடித்தவர், 25. ஆனால் உலகம் அவரை ஞாபகம் வைத்திருப்பது 1970 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக வெளியே அடித்த ஒரு சுலபமான வாய்ப்புக்காக. அன்றைக்கும் மீம்ஸ் இருந்திருந்தால் அவரையும் விட்டிருக்க மாட்டோம்.

2002 ஜனவரியில் இறந்தார். வயது 59. அதற்கு முன் சில ஆண்டுகளாக மறதி நோய் அவரைத் தின்றுவிட்டிருந்தது. அந்த ஆண்டே விசாரணை நடத்திய மரண விசாரணை அதிகாரி எழுதிய காரணம்: தொழில்சார் நோய். கல்குவாரியில் வேலை பார்த்தவருக்கு நுரையீரலில் சிலிக்கோசிஸ் வருவது போல, பந்தைத் தலையால் முட்டி முட்டி மூளை சிதைந்தது என்று. 2014இல் அவருடைய மூளைத் திசுவை டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் மறுபடி ஆராய்ந்தார். சிடிஇ என்றார். திரும்பத் திரும்பத் தலையில் விழும் அடியால் வரும் மூளைச் சிதைவு. குத்துச்சண்டைக்காரர்களிடம் நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்தது.

ஒருத்தர் கதையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பீர்கள். சரியான கேள்வி. அதே ஸ்டூவர்ட்டின் குழு கிளாஸ்கோவில் பெரிய ஆய்வு செய்தது. 2019இல் வந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேர், அவர்களோடு ஒப்பிடப் பொதுமக்கள் 23,028 பேர். மூளை நரம்புச் சிதைவு நோயால் இறந்தவர்கள் ஆட்டக்காரர்களில் 1.7 சதவீதம், பொதுமக்களில் 0.5 சதவீதம். கணக்குப்படி ஏறத்தாழ மூன்றரை மடங்கு அபாயம்.

முழுசா சொல்லணும்னா இதையும் சொல்லணும்: அதே ஆட்டக்காரர்களுக்கு மாரடைப்பு வகை இதய நோய் மரணமும் நுரையீரல் புற்றுநோய் மரணமும் குறைவு. ஓடியாடின உடம்பு. அதனால் "கால்பந்து ஆடாதே" என்று யாரும் இந்த ஆய்வைக் காட்டிப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டாதீர்கள். போனைக் கொடுத்து சோபாவில் உட்கார வைப்பது அதைவிட மோசம்.

2021இல் அதே தரவை ஆட்ட நிலை வாரியாகப் பிரித்தார்கள். கோல் கீப்பர்களுக்குத் தெளிவான கூடுதல் அபாயம் இல்லை. டிஃபெண்டர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. தொழில் வாழ்க்கை நீள நீள அபாயமும் கூடியது. ஹெட்டர்தான் காரணம் என்று இந்த ஆய்வு மட்டும் நிரூபித்துவிடவில்லை, இது கூண்டில் வைத்துச் செய்த சோதனை இல்லை. ஆனால் பந்தைக் கையால் பிடிக்கிறவன் தப்பிக்கிறான், தலையால் தடுக்கிறவன் அதிகம் மாட்டுகிறான் என்றால் எந்தப் பக்கம் விரல் நீட்டுகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். புகையிலை விஷயத்திலும் "இன்னும் நிரூபிக்கலையே" என்று சொல்லியே பல வருஷம் ஓட்டினார்கள்.

நான் ஞாபகம் வைக்கச் சொன்ன அந்த ரெண்டு தலை, ஒன்பதாம் நம்பரும் போலீஸ்காரரும், நீங்கள் "அழகு" என்று சொல்லும் அந்தப் படத்தில் இருக்கிறார்கள்.

உடனே ஒரு பதில் வரும், தெரியும். "அதெல்லாம் அந்தக் காலத்து லெதர் பந்து சார், கல்லு மாதிரி கனம். இப்போ பந்து பஞ்சு மாதிரி." இது பாதி உண்மைகூட இல்லை. காய்ந்த பந்தின் எடை விதிப்படி 410 முதல் 450 கிராம். 1937லிருந்து இதே அளவுதான். பழைய லெதர் பந்து மழையில் ஊறினால் கனக்கும், அது சரி. ஆனால் இன்றைய பந்து ஊறாது, அதனால் வேகம் குறையாமல் வந்து மோதும். மோதலின் விசை எடையை மட்டும் பொறுத்தது இல்லை, வேகத்தையும் பொறுத்தது. பத்தாம் வகுப்பு இயற்பியல்.

இப்போது நம்ம ஊர் விஷயம். என்னிடம் ஓபியில் ஒரு அப்பா வந்தார். பையனுக்குப் பத்து வயசு, வயசுக்கு மீறின உயரம். அடிக்கடி தலைவலி என்று கூட்டி வந்தார். பேச்சு கொடுத்ததில் தெரிந்தது: உயரமாக இருப்பதால் பயிற்சி முகாமில் அவனை "சென்டர் ஃபார்வர்ட்" ஆக்கிவிட்டார்கள். தினமும் கோச் கையால் பந்தைத் தூக்கிப் போடுவார், இவன் முட்ட வேண்டும். ஐம்பது எண்ணி முடிக்கும்வரை. "அப்பத்தான் சார் கழுத்து உறுதியாகும்" என்று அப்பாவுக்குப் பெருமை வேறு. தலைவலிக்கு நூறு காரணம் இருக்கும், கண்ணாடி தேவைப்பட்டாலும் வலிக்கும். அதையெல்லாம் பார்த்தோம். ஆனால் அந்த ஐம்பதை அன்றோடு நிறுத்தச் சொன்னேன்.

ஆட்டம் பிறந்த நாட்டில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்து சங்கங்கள் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டரே வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டன. அமெரிக்கா 2015இலேயே பத்து வயது வரை தடை போட்டது. பெரியவர்களுக்கும் சேர்த்து, 2021இல் இங்கிலாந்தில் சொன்னது: நீண்ட பாஸ், கிராஸ், கார்னர் மாதிரி வேகமாக வரும் பந்தைப் பயிற்சியில் முட்டுவது வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். வாரத்துக்குப் பத்து, நன்கு வளர்ந்த தொழில்முறை ஆட்டக்காரனுக்கு. நம்ம ஊரில் பத்து வயசுப் பையனுக்கு ஒரு சாயங்காலத்தில் ஐம்பது.

எந்த ஆட்டத்துக்காக அவனைத் தயார் செய்கிறோம்? அந்த ஆட்டத்தை உலகமே பாதிக்கு மேல் கைவிட்டாச்சு. இன்றைய சென்டர் ஃபார்வர்டுக்கு வேண்டியது முதல் தொடுதல், ரெண்டு காலிலும் அடி, முதுகில் ஆளைத் தாங்கித் திரும்புவது, எப்போது ஓடுவது எப்போது நிற்பது என்கிற கணக்கு. இதில் எதற்கும் பத்து வயதில் தலை தேவையில்லை. உயரமும் தேவையில்லை. ஒரே பூண்டஸ்லிகா சீசனில் 40 கோல் அடித்த கெர்ட் முல்லர், 1971-72இல், ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். அந்தச் சாதனை உடைய 2020-21 வரை ஆனது. உடைத்த லெவண்டோவ்ஸ்கி 41வது கோலைக் கடைசி மேட்சின் கடைசி நிமிஷத்தில் அடித்தார்.

பயிற்சி முகாமில் சேர்ப்பதற்கு முன் கோச்சிடம் ரெண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கு ஹெட்டர் பயிற்சி உண்டா? இரண்டு, தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள்? "தண்ணி தெளிச்சு மறுபடி இறக்குவோம்" என்று பதில் வந்தால் வேறு முகாம் பாருங்கள்.

ஏனென்றால் தலையில் அடிபட்டு, ஒரு நொடி நினைவு தப்பினாலும், குழம்பிப் பேசினாலும், தள்ளாடினாலும், கண் மங்கினாலும், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவன் சொன்னாலும் முடிந்தது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் பலவீனம் என்றால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108 இருக்கிறது.

இன்னிக்கு ராத்திரி மேட்ச் இருக்கு. உங்க டீம் ஸ்ட்ரைக்கரைத் திட்டணும்னு கை பரபரத்தால், பெனால்டி பாக்ஸுக்குள்ள அவனுக்கு எத்தனை நல்ல பாஸ் வந்துச்சுன்னு எண்ணி கமெண்ட்ல போடுங்க. நானும் முழிச்சுத்தான் இருப்பேன், நைட் டூட்டி.